கல்லீரலில் ஓர் அரிய கட்டி

நுழையும்முன்

நாள்தோறும் காணும் நோயை மருத்துவர் எளிதில் அடையாளம் காண்பார். பணிக்காலம் முழுவதிலும் ஒருமுறைகூட எதிர்ப்பட வாய்ப்பில்லாத நோயை அவர் எவ்வாறு அறிவார்? பதின்பருவத்தினரையும் இளைஞரையும் பற்றும் ஓர் அரிய கல்லீரல் புற்றுநோயைத் தனித்து அறிந்த வரலாற்றையும், அதனைக் கண்டறியும் முறைகளையும், இன்று அளிக்கப்படும் சிகிச்சையையும் இப்பாடம் விளக்குகிறது.

பேசாத உறுப்பு

‘ஈரக்குலை நடுங்கியது’ என்பது பேரச்சத்தைக் குறிக்கும் தமிழ் வழக்கு. உயிருக்கு நேரும் தீங்கை ஈரலே முதலில் உணரும் என நம் முன்னோர் கருதினர் போலும். உடலியல் சொல்லும் செய்தி இதற்கு நேர்மாறானது. கல்லீரலின் உட்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதனைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில்தான் அவை உள்ளன. எனவே உள்ளே ஒரு கட்டி தோன்றி வளர்ந்தாலும், அது பெருத்து உறையை இழுக்கத் தொடங்கும்வரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் தென்படுவதில்லை.

வளர்ந்தவர் உடலில் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுடையது. வயிற்றின் வலப்புற மேற்பகுதியில், உதரவிதானத்திற்குக் கீழே, விலா எலும்புகளின் காப்பில் அது அமைந்துள்ளது. பித்தநீரைச் சுரப்பது, உணவிலிருந்து வரும் சர்க்கரையைச் சேமிப்பது, இரத்தம் உறையத் தேவையான புரதங்களை உருவாக்குவது, நச்சான அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது என அதன் பணிகள் பல. பெரும்பாலான பிற உறுப்புகளுக்கு இல்லாத ஓர் அமைப்பும் அதற்கு உண்டு. கல்லீரலுக்கு இரண்டு வழிகளில் இரத்தம் வருகிறது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகவும், எஞ்சியது கல்லீரல் தமனி வழியாகவும் வந்து சேர்கின்றன. கல்லீரலில் எழும் புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் தமனி இரத்தத்தையே உறிஞ்சி வளர்கின்றன. இச்சிறு வேறுபாடு நோயறிதலில் எவ்வளவு பயன்படுகிறது என்பதைப் பின்னர்க் காணலாம்.

வழக்கமான நோயும் வழக்கத்திற்கு மாறான நோயாளியும்

கல்லீரலில் காணப்படும் கட்டிகள் எல்லாம் அங்கேயே பிறந்தவை அல்ல. குடல், மார்பகம், நுரையீரல் போன்ற உறுப்புகளில் தோன்றிய புற்றுநோய் இரத்தத்தின் வழியே வந்து கல்லீரலில் தங்கி வளர்வதுண்டு. அது இரண்டாம்நிலைக் கட்டி. கல்லீரலின் சொந்தச் செல்களிலிருந்தே தோன்றுவது முதன்மைக் கட்டி எனப்படும்.

முதன்மைப் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது ஹெபட்டோசெல்லுலார் கார்சினோமா என்பதாகும். அது பெரும்பாலும் முன்னறிவிப்புடன் வருகிறது. நோயாளி பொதுவாக நடுவயதைக் கடந்தவராக இருப்பார். ஹெபடைட்டிஸ் பி அல்லது சி வைரஸ், மது, கொழுப்பு ஆகியவற்றுள் ஒன்றால் அவரது கல்லீரல் முன்பே தழும்பேறிச் சிரோசிஸ் என்னும் நிலையை அடைந்திருக்கும். இரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்னும் புரதத்தின் அளவும் பலருக்கு உயர்ந்திருக்கும். சிரோசிஸ் உடையவருக்கு ஸ்கேன் படத்தில் இந்நோய்க்கே உரிய தோற்றம் தெரியுமானால், திசுவை எடுத்து ஆராயாமலே நோயை உறுதிசெய்ய மருத்துவ நெறிமுறைகள் இடமளிக்கின்றன.

இனி வேறொரு நோயாளியை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு வயது பதினாறு. மது அருந்தியவர் அல்லர். வைரஸ் தொற்று இல்லை. மஞ்சள் காமாலையும் வந்ததில்லை. சில மாதங்களாக மேல்வயிற்றில் மந்தமான வலி, கொஞ்சம் உண்டதும் வயிறு நிறைந்துவிட்ட உணர்வு, சோர்வு, சிறிது சிறிதாக எடைக்குறைவு. காலையுணவைத் தவிர்ப்பதுதான் காரணம் என்பார் அன்னை. தேர்வுக் கவலை என்பார் ஆசிரியர். அமிலம் மிகுந்திருக்கலாம் என மாத்திரை எழுதித் தருவார் மருத்துவர். இவர்களுள் எவரையும் குறைகூற இயலாது. அவ்வயதில் வரும் வயிற்றுவலிகளுள் மிகப் பெரும்பாலானவை எளிய காரணங்களால் வருபவையே. மருந்துக்கு அடங்காமல் வலி நீடிப்பதும், முயலாமலே எடை குறைவதுமே அடுத்த ஆய்வுக்குரிய அழைப்பு. அவ்வாறு ஒருநாள் எடுக்கப்படும் அல்ட்ரா சவுண்ட் படத்தில் கல்லீரலில் ஒரு பெரிய கட்டி தெரிகிறது. ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் அளவைப் பார்த்தால் அது இயல்பாகவே இருக்கிறது.

இங்கேதான் இடர். வயது பொருந்தவில்லை, சிரோசிஸ் இல்லை, இரத்த ஆய்வும் இயல்பு. வழக்கமான நோயின் அடையாளங்களை மட்டும் அறிந்தவர், ‘இது புற்றுநோய் அன்று’ என எண்ணிவிடக்கூடும். இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாமலே வரும் ஒரு புற்றுநோய் உண்டு. அதன் பெயர் ஃபைப்ரோலாமெல்லர் கார்சினோமா. முதன்மைக் கல்லீரல் புற்றுநோய்களுள் ஏறத்தாழ நூற்றில் ஒன்று என்னும் அளவிலேயே அது காணப்படுகிறது. ஆண் பெண் இருபாலாரையும் பற்றும் இந்நோய்க்கு ஆளாவோரில் பெரும்பாலோர் பதின்பருவத்தினரும் இளைஞருமே ஆவர்.

நுண்ணோக்கியில் தெரிந்த பட்டைகள்

குழந்தைகளுக்கும் சிறுவருக்கும் வரும் கல்லீரல் கட்டிகளை ஆராய்ந்த அமெரிக்க நோயியல் வல்லுநர் ஹியூ எட்மண்ட்சன், 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் கட்டியை விவரித்தார். அக்கட்டியின் செல்கள் பிற கல்லீரல் புற்றுச்செல்களைப் போல இல்லை. ஒரே ஒரு நோயாளியைக் கொண்டு புதிய நோயொன்றை நிறுவிவிட முடியாது. அடுத்து வருவோர் ஒப்பிட்டுப் பார்க்கும் வகையில், கண்டதைக் கண்டவாறே எழுதிவைக்கலாம். எட்மண்ட்சன் எழுதிவைத்தார்.

அந்நோய் தனிப்பெயர் பெற இருபத்துநான்கு ஆண்டுகள் ஆயின. அதே தோற்றமுடைய கட்டிகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை 1980இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர்களுள் எட்மண்ட்சனும் ஒருவர். பதின்பருவத்தினருக்கும் இளைஞருக்கும் உரிய தனித்தன்மை வாய்ந்த கட்டி என்று அக்கட்டுரை இதனை வரையறுத்தது.

பெயரிலேயே விளக்கம் உள்ளது. ‘ஃபைப்ரோ’ என்பது நாரையும் ‘லாமெல்லர்’ என்பது மெல்லிய அடுக்குகளையும் குறிக்கும். நுண்ணோக்கியின்கீழ், கொலாஜன் நார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டை பட்டையாக அடுக்கப்பட்டிருக்க, அப்பட்டைகளுக்கு இடையே பெரிய பலகோணச் செல்கள் கூட்டமாக நிற்கும். வழக்கமான சாயம் ஏற்றினால் அச்செல்கள் ஆழ்ந்த இளஞ்சிவப்பாகத் தோன்றும். அவற்றில் மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருங்கி நிறைந்திருப்பதே அந்நிறத்திற்குக் காரணம். உட்கருவினுள் நியூக்ளியோலஸ் எடுப்பாகத் தெரியும்.

படமும் திசுவும்

இன்றைய மருத்துவர் நுண்ணோக்கிக்குச் செல்லுமுன் ஸ்கேன் படங்களைக் காண்கிறார். சி.டி. ஸ்கேனில் கையிலுள்ள சிரைவழியே நிறமேற்றும் மருந்து செலுத்தப்படுகிறது. ஏறத்தாழ அரை நிமிடத்தில் அம்மருந்து தமனிகளில் நிறைந்திருக்கும். அப்போது எடுக்கும் படத்தில், தமனி இரத்தத்தை உறிஞ்சும் கட்டி ஒளிர்ந்து தெரியும். ஒரு நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் போர்ட்டல் சிரை வழியாக மருந்து வந்து கல்லீரல் முழுவதும் ஒளிரும். இருவேறு நேரங்களில் எடுக்கப்பட்ட படங்களை அருகருகே வைத்து ஒப்பிடும்போது, ஒரே படத்தில் புலப்படாத கட்டியின் இயல்பு புலப்படுகிறது.

ஃபைப்ரோலாமெல்லர் கட்டி பெரும்பாலும் பெரியதாக, விளிம்பு மேடுபள்ளமாக இருக்கும். நடுவில் விண்மீன் வடிவிலான தழும்பு ஒன்று காணப்படும். அத்தழும்பில் பலருக்குச் சுண்ணாம்புப் படிவும் தெரியும். ஆனால் தழும்பை மட்டும் நம்பி முடிவுசெய்தல் தவறாகலாம். எஃப்.என்.எச். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தீங்கற்ற கட்டி ஒன்றிலும் நடுத்தழும்பு உண்டு. அதுவும் இளவயதினருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வருவதே. ஒன்றை மற்றொன்றாகக் கருதினால் விளைவு கடுமையானது. தீங்கற்றதைப் புற்றுநோய் என எண்ணினால் தேவையற்ற பேரறுவை. புற்றுநோயைத் தீங்கற்றது என எண்ணினால் மீட்க முடியாத காலவிரயம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இங்கே துணைசெய்கிறது. அதன் ஒருவகைப் படத்தில் எஃப்.என்.எச். தழும்பு பொதுவாக வெளிறியும், ஃபைப்ரோலாமெல்லர் தழும்பு பொதுவாகக் கருத்தும் தோன்றும். தழும்பில் சுண்ணாம்புப் படிவது எஃப்.என்.எச். கட்டியில் அரிது.

‘பொதுவாக’ என்னும் சொல்லை மருத்துவர் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஐயம் எஞ்சும்போது, அல்ட்ரா சவுண்ட் காட்டும் வழியில் நுண்ணிய ஊசியைச் செலுத்திக் கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுக்கின்றனர். பயாப்சி எனப்படும் இந்தத் திசு ஆய்வுக்கு முன் இரத்தம் உறையும் திறனைச் சோதிப்பது கட்டாயம். கல்லீரல் குருதி நிறைந்த உறுப்பாதலால் கசிவு நேரலாம். எடுத்த துணுக்கில் சி.கே.7, சி.டி.68 ஆகிய இரு புரதங்கள் உள்ளனவா என்றும் சாயமேற்றிப் பார்ப்பர். இரண்டும் ஒருங்கே இருப்பின் ஃபைப்ரோலாமெல்லர் என்னும் கருத்து வலுப்பெறும்.

எழுத்துக் கெட்ட மரபணு

இந்நோய் ஏன் வருகிறது என்பது 2014 வரை தெரியாமலே இருந்தது. அதற்கு விடை காண உதவியவர்களுள் ஒருவர் பள்ளி மாணவி.

நியூயார்க்கைச் சேர்ந்த எலானா சைமன் தம் பன்னிரண்டாம் வயதில் இந்நோய்க்கு ஆளானார். அறுவை சிகிச்சையால் கட்டி அகற்றப்பட்டு அவர் நலம்பெற்றார். உயர்நிலைப் பள்ளியில் பயிலும்போது, தம்மைத் தாக்கிய நோயையே ஆராய விரும்பினார். அவருடைய தந்தை சான்ஃபோர்ட் சைமன் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் செல்லுயிரியல் ஆய்வாளர். எலானாவுக்கு அறுவை செய்த மருத்துவர் மைக்கேல் லா க்வாலியாவும் ஆய்வில் இணைந்தார். அரிய நோயை ஆராய்வோருக்கு முதல் தடை கட்டியின் மாதிரிகள் கிடைக்காமையே. ஒரு மருத்துவமனையில் ஒன்றோ இரண்டோ இருக்கும். அவற்றைக் கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பதினைந்து கட்டிகளின் மாதிரிகள் திரட்டப்பட்டன. ஒவ்வொரு கட்டியின் மரபணுச் செய்தியும் நலமான கல்லீரல் திசுவின் மரபணுச் செய்தியோடு கணினியில் ஒப்பிடப்பட்டது.

பதினைந்து கட்டிகளிலும் ஒரே பிழை இருந்தது. நலமான திசுவில் அப்பிழை இல்லை.

அப்பிழையைத் தமிழிலக்கணம் பயின்றோர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மரம் என்னும் நிலைமொழியும் வேர் என்னும் வருமொழியும் புணரும்போது இடையிலுள்ள மகர ஒற்றுக் கெட்டு, ‘மரவேர்’ என்றாகிறது. இக்கட்டியின் செல்களிலும் ஒரு ‘கெடுதல்’ நிகழ்கிறது. 19ஆம் குரோமோசோமில் ஏறத்தாழ 4,00,000 எழுத்துகள் நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு அறுந்து நீங்கிவிடுகிறது. அத்துண்டின் இருபுறமும் தொலைவில் இருந்த இரண்டு மரபணுக்கள் இதனால் ஒட்டிக்கொள்கின்றன. டி.என்.ஏ.ஜே.பி.1 என்னும் மரபணுவின் முற்பகுதியும் பி.ஆர்.கே.ஏ.சி.ஏ. என்னும் மரபணுவின் பிற்பகுதியும் சேர்ந்து, இயல்பான செல்லில் இல்லாத புதிய புரதத்தை உருவாக்குகின்றன. இலக்கணப் புணர்ச்சியில் பொருள் சிதைவதில்லை. இங்கே சிதைகிறது என்பதே வேறுபாடு.

பி.ஆர்.கே.ஏ.சி.ஏ. மரபணு, புரோட்டீன் கைனேஸ் ஏ என்னும் நொதியின் வினைபுரியும் பகுதியை உருவாக்குவது. செல்லின் வளர்ச்சி உள்ளிட்ட பல செயல்களைத் தூண்டும் நொதி அது. இயல்பாக அதனை வேறொரு புரதம் கடிவாளம் போலப் பற்றியிருக்கும். உரிய ஆணை வரும்போது மட்டும் விடுவிக்கும். டி.என்.ஏ.ஜே.பி.1 மரபணு மிகுந்த முனைப்புடன் இயங்குவது. அதன் முற்பகுதியோடு ஒட்டிக்கொண்டதனால், அந்நொதிப்பகுதி தேவைக்கு மேல் உற்பத்தியாகிறது. குதிரைகள் பெருகுகின்றன, அதற்கேற்பக் கடிவாளங்கள் பெருகுவதில்லை.

இக்கண்டுபிடிப்பு 2014 பிப்ரவரியில் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்தது. கட்டுரையாசிரியர்களுள் ஒருவராக இடம்பெற்ற எலானாவுக்கு அப்போது வயது பதினெட்டு. இன்று நுண்ணோக்கியில் ஐயம் எழுந்தால், இந்த மரபணு இணைவு உள்ளதா என ஆய்வகத்தில் நேரடியாகச் சோதிக்க முடிகிறது. கணையத்திலும் பித்தநாளத்திலும் தோன்றும் அரிய கட்டி ஒன்றிலும் இதே இணைவு இருப்பது பின்னர்த் தெரியவந்தது. ஆகவே மரபணு ஆய்வின் முடிவையும் படம், திசு ஆகியவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

கல்லீரலில் தோன்றும் அரிய முதன்மைக் கட்டிகள் வேறு சிலவும் உண்டு. ஹெபட்டோபிளாஸ்டோமா பெரும்பாலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. மிகக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளுக்கு இது வரும் வாய்ப்புச் சற்று மிகுதி. இதில் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் பொதுவாக மிக உயர்ந்திருக்கும். சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தால் கட்டியைச் சுருக்கிய பின் அறுவை செய்கின்றனர். அம்மருந்து குழந்தைகளின் செவித்திறனைப் பாதிக்கும். மருந்து செலுத்திய ஆறு மணி நேரத்திற்குப் பின் சோடியம் தயோசல்பேட் கொடுத்தால் செவித்திறன் இழப்போர் 63 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாகக் குறைவதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

கல்லீரலின் இரத்தக்குழாய்ச் சுவரில் தோன்றுவது ஆஞ்சியோசார்கோமா. அமெரிக்காவின் லூயிவில் நகரில் பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் மூவருக்கு இந்நோய் வந்ததை 1974இல் மருத்துவர்கள் கவனித்தனர். வழக்கமான நோயாக இருந்திருந்தால் மூவர் என்னும் எண்ணிக்கை எவர் கண்ணிலும் பட்டிராது. மிக அரிய நோய் ஓரிடத்தில் மூவருக்கு வந்ததனாலேயே, அங்குப் பயன்படுத்தப்பட்ட வினைல் குளோரைடு வாயு அதன் காரணம் என அறிய முடிந்தது.

சிகிச்சை

ஃபைப்ரோலாமெல்லர் கட்டிக்கு இன்றுவரை முதன்மையான சிகிச்சை, கட்டியை முழுமையாக அறுத்து நீக்குவதே. பிரான்சு நாட்டு மருத்துவர் குயினோ, இரத்தக்குழாய்கள் கிளைவிடும் முறையைக் கொண்டு கல்லீரலை எட்டுக் கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு கூற்றுக்கும் தனி இரத்த வரத்தும் பித்தநீர் வடிகாலும் இருப்பதால், நோயுற்ற கூறுகளை நீக்கிப் பிறவற்றை விட்டுவைக்க முடிகிறது. எஞ்சிய கல்லீரல் சில வாரங்களிலேயே வளரத் தொடங்கி இழந்த அளவைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். அறுத்த கூறுகள் பழைய வடிவில் முளைப்பதில்லை, இருப்பவையே பெருக்கின்றன.

நோயை மறைத்த அதே இயல்பு இங்கே நோயாளிக்குத் துணையாகிறது. சிரோசிஸ் உடையவருக்குக் கல்லீரலின் பெரும்பகுதியை நீக்க இயலாது. எஞ்சியது உடலைத் தாங்காது. ஃபைப்ரோலாமெல்லர் நோயாளியின் கட்டிக்கு வெளியே உள்ள கல்லீரல் நலமானது. எனவே, கட்டி பெரிதாயினும் துணிந்து அகற்றலாம். எஞ்சப்போகும் பகுதி மிகச் சிறிதெனச் சி.டி. அளவீடு காட்டினால், கட்டியுள்ள பக்கத்திற்குச் செல்லும் போர்ட்டல் சிரைக் கிளையை முன்கூட்டியே அடைத்து, மறுபக்கத்தை வளரவிட்டுச் சில வாரங்கள் கழித்து அறுவை செய்வதும் உண்டு. இந்நோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் இயல்புடையது; ஆதலால் கல்லீரல் வாயிலிலுள்ள கணுக்களையும் நீக்கி ஆராய்கின்றனர். அறுவையால் நீக்க முடியாதவாறு கட்டி கல்லீரலுக்குள்ளேயே விரிந்திருந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தப்படுகிறது.

அறுவை முடிந்ததும் கதை முடிந்துவிடுவதில்லை. பலருக்கு நோய் மீண்டும் தலைகாட்டுகிறது. இரத்த ஆய்வால் அதனை முன்னறிய வழியில்லை. ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் அப்போதும் இயல்பாகவே இருக்கும். ஆகையால் சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உடல் தேறிப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ திரும்பிய இளைஞருக்கு இது மனச்சுமை மிக்க கடமை. ஆயினும் திரும்பிய கட்டியைச் சிறியதாக இருக்கும்போதே கண்டால், மீண்டும் அறுவை செய்து நீக்க இயலும். அவ்வாறு பலமுறை அறுவைக்கு உட்பட்டு வாழ்வோர் உண்டு.

மருந்துகளின் நிலை இன்னும் மனநிறைவு தருவதாக இல்லை. இந்நோய்க்கென வரையறுக்கப்பட்ட கீமோதெரபி முறை இதுவரை அமையவில்லை. நோயாளிகள் மிகச் சிலராக, பல நாடுகளில் சிதறியிருப்பதால், மருந்தொன்றைச் சோதித்துப் பார்க்கப் போதிய எண்ணிக்கை சேர்வதே கடினம். வழக்கமான கல்லீரல் புற்றுநோய்க்கு உதவும் மருந்து இதற்கும் உதவும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. இரண்டும் ஒரே உறுப்பில் தோன்றினும் வெவ்வேறு நோய்கள்.

காரணமான நொதியையே தடுத்துவிடலாமே என்னும் கேள்வி எழலாம். புரோட்டீன் கைனேஸ் ஏ இதயம் உட்பட உடலின் எல்லா உறுப்புகளுக்கும் வேண்டிய நொதி. அதனை முற்றாகத் தடுத்தால் கட்டியோடு நோயாளியும் பாதிக்கப்படுவார். ஆகவே ஆய்வாளர்களின் கவனம் நொதியிலிருந்து அந்த ‘ஒட்டிய இட’த்திற்குத் திரும்பியிருக்கிறது. இரு மரபணுக்களும் இணையும் சந்தியில் அமையும் புரதத்துணுக்கு, கட்டியின் செல்களில் உண்டு. நலமான செல்களில் இல்லை. அத்துணுக்கை அடையாளம் கண்டு தாக்குமாறு உடலின் நோயெதிர்ப்புச் செல்களைப் பழக்கும் தடுப்பூசி உருவாக்கப்பட்டு, பிற நோயெதிர்ப்பு மருந்துகளுடன் சேர்த்து நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வருகிறது.